சாக்ஸபோன் தந்த ஆசான் அடோல்ப் சாக்ஸ்

திருமண ஊர்வலத்திலும் திருவிழாவிலும் பாண்டு வாத்தியக்காரர் கையில் பளபளக்கும் வளைந்த பித்தளைக் குழலை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதுவே சாக்ஸபோன். அந்தப் பெயர் ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் அந்தக் கருவியைச் செய்ததோடு நில்லாமல் மாணவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி.

அடோல்ப் சாக்ஸ் 1814ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள டினான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை இசைக்கருவிகள் செய்பவர். சிறுவயதில் அடோல்ப் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்தும், ஊசியை விழுங்கியும், ஆற்றில் விழுந்தும் உயிர் பிழைத்தாராம். விளையும் பயிர் முளையிலே தெரியும் அல்லவா? நம்மைப் போன்ற பதினைந்து வயதிலேயே, தம் கையால் செய்த புல்லாங்குழல்களையும் கிளாரினெட்டையும் போட்டிக்கு அனுப்பினார். பிரஸ்ஸல்ஸ் நகரில் அவ்விரு கருவிகளையும் முறையாகப் பயின்றார்.

1842இல் அவர் பாரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். இசையமைப்பாளர் பெர்லியோஸ் அவருடைய புதிய கருவியைப் புகழ்ந்து பத்திரிகையில் எழுதினார். 1846இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது. அது பித்தளையால் ஆனது. ஆனால் ஊதும் வாயில் நாணல் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். நாகசுரத்தின் சீவாளியில் நாணல் அதிர்வதுபோல இங்கும் அந்தத் தகடு அதிர்ந்து ஒலி எழுப்புகிறது.

புதிதாகக் கற்பவருக்கு அவர் செய்த உதவி அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. கிளாரினெட்டில் கீழ் ஸ்தாயிக்கு ஒரு விரல்முறையும் மேல் ஸ்தாயிக்கு வேறொரு விரல்முறையும் பழக வேண்டும். சாக்ஸபோனிலோ, பெரும்பாலும் அதே விரல்களை அப்படியே வைத்து, தனி விசை ஒன்றை அழுத்தினால் போதும். மேல் ஸ்தாயி ஒலிக்கும். மேலும், சிறியதும் பெரியதுமாகப் பல அளவுகளில் அவர் சாக்ஸபோன்களைச் செய்தார். எல்லாவற்றுக்கும் ஒரே விரல்முறைதான். ஒன்றைக் கற்ற மாணவர் மற்றவற்றையும் விரைவில் வாசிக்கலாம்.

1857ஆம் ஆண்டு பாரிஸ் இசைக் கல்லூரியில் படைவீரர்களுக்கு சாக்ஸபோன் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது. புதிய கருவியாதலால், மாணவர் பழகுவதற்கேற்ற பாடல்கள் மிகக் குறைவு! சாக்ஸ் சோர்ந்துவிடவில்லை. பிரஸ்ஸல்ஸில் தம்முடன் பயின்ற சிங்கெலே முதலிய நண்பர்களை எழுதச் சொன்னார். அவற்றைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். ஆண்டுத் தேர்வில் மாணவர்கள் பியானோ துணையுடன் அவற்றை வாசித்தனர். பாடுவதுபோல் மெதுவாக வாசிக்கும் பகுதியும், விரல்கள் பறக்க வேண்டிய விரைவான பகுதியும் அவற்றில் இருந்தன. முன்னது மூச்சுக்குப் பயிற்சி. பின்னது விரலுக்குப் பயிற்சி. நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசையையும் சிங்கெலே எழுதினார். பிறர் ஒலிக்குச் செவிகொடுத்து வாசிக்க அது பழக்கியது.

இந்தப் பணியைத் தொடங்கிய காலத்தில் அவர் உதட்டில் கட்டி வந்து துன்புற்றுக்கொண்டிருந்தார். வாயால் ஊதும் கருவியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு உதட்டிலேயே நோய்! 1859இல்தான் அது குணமாயிற்று. பொறாமை கொண்ட மற்றக் கருவி செய்வோர் அவர்மேல் வழக்குமேல் வழக்குத் தொடுத்தனர். 1852, 1873, 1877 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை அவர் தொழிலில் நொடித்துப்போனார்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. சாக்ஸபோன் வகுப்பு மூடப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கற்பித்த அந்த ஆசான், 1894இல் பாரிஸில் வறுமையில் கண்மூடும்வரை அது மீண்டும் திறக்கப்படவே இல்லை.

அவர் உழைப்பு வீணாயிற்றா? இல்லை. இராணுவ பாண்டு வாத்தியக் குழுக்களில் சாக்ஸபோன் தொடர்ந்து ஒலித்தது. அத்தகைய குழு ஒன்றில் பெயர் பெற்ற மார்சல் ம்யூல் என்பவரை ஆசிரியராகக் கொண்டு, 72 ஆண்டுகளுக்குப் பின் 1942இல் அதே கல்லூரியில் அந்த வகுப்பு மீண்டும் தொடங்கியது. நம் நாட்டிலும் மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், அதில் கர்நாடக இசையை வாசித்துப் புகழ்பெற்றார். 2019இல் அவர் மறைந்தார்.

அன்புத் தோழியரே! கற்பிப்பவர் விதைக்கிறார், அறுவடையைப் பல வேளைகளில் அவர் காண்பதில்லை. நமக்குக் கடினமான பாடத்தை எளிதாக்கித் தர இரவில் கண்விழித்துக் குறிப்பு எழுதும் நம் ஆசிரியைகளும் அப்படித்தான். அவர்கள் விதைத்ததை வாடவிடாமல் வளர்ப்பது நம் கடமை.