பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சென்னை செல்லும் ஒருவரை 'பெட் ஸ்கேன்' எடுத்து வரும்படி மருத்துவர் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசி வழியே செலுத்துவர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கச் செய்து, பின்னர் படுக்கையில் கிடத்திக் கருவிக்குள் அனுப்புவர். அசையக் கூடாது. உடம்பெல்லாம் வலி உள்ளவருக்கு அந்த இருபது நிமிடம் ஒரு யுகம். சர்க்கரை உறுப்புகளில் ஏறும் வேகத்தையும் அளக்கவேண்டுமாயின், ஊசி போட்ட நொடியிலிருந்தே படம் எடுக்கத் தொடங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் கிடக்க நேரிடும். இந்தக் காலத்தைக் குறைக்க அறிஞர்கள் இன்று பாடுபடுகின்றனர். இத்தகைய படங்களை விரைவாக உருவாக்கித் தந்த கணிதத்தோடு ஒரு தமிழரின் பெயர் பிணைந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணிதத்தில் மகனுக்கு முதல் ஆசானும் அவரே. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்சு முடித்த இளைஞர், 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். ஆனால் அங்கிருந்த சர் சி. வி. இராமன் அவரைத் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். நல்ல ஆசிரியர் கண்ணில் படுவதும் ஒரு பேறுதான்! பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, 1949இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார்.

1952இல், முப்பது வயதை ஒட்டி, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். கிண்டியில் இருந்தபடியே அவர் செய்த பணிகள் உலகறிந்தவை. தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் காட்டினார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்பதைச் சொல்லும் 'இராமச்சந்திரன் வரைபடம்' 1963இல் வெளிவந்தது. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரும் அதில் பங்கு கொண்டனர். உயிர்வேதியியல் மாணவர் எவரும் அதைத் தாண்டிச் செல்ல முடியாது. அவ்விரண்டையும் பற்றி எழுதியோர் பலர்; நான் எழுத வந்தது மூன்றாவதைப் பற்றி.

முதலியாரின் காலம் 1969இல் முடிந்தது. மறு ஆண்டே இராமச்சந்திரனும் சென்னையை விட்டு, பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக ஏட்டில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து எடுத்த நிழல்களைக் கொண்டு அதன் உள்ளமைப்பைக் காண்பது எப்படி என்பதே பொருள்.

இது இயலும் என்பதை ஆஸ்திரியக் கணித அறிஞர் ராடன் 1917லேயே நிறுவிவிட்டார். இடர்ப்பாடு கணக்கின் சுமையில் இருந்தது. நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் படம் வரும். ஆனால் பனிமூட்டம் போல் மங்கி வரும். மங்கலை நீக்க, எல்லா நிழல்களையும் ஃபூரியர் மாற்றம் செய்து, ஒன்றாக அடுக்கி, மீண்டும் திருப்பி மாற்றினர். அந்நாளைய கணிப்பொறிக்கு இது பெரும் பாரம். இராமச்சந்திரன் கண்ட வழியோ எளியது. ஒவ்வொரு நிழலிலும், ஓர் அளவீட்டுக்கு ஒரு மதிப்புக் கொடு. அதன் இருபுறமும் ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது இடங்களில் உள்ளவற்றைத் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பச் சிறிது சிறிதாகக் கழி. இரட்டைப்படை இடங்களை விட்டுவிடு. பிறகு பரப்பு. அவ்வளவே! கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். மேலும், ஒரு நிழல் வந்தவுடன் அதற்குரிய கணக்கை முடித்துவிடலாம். மற்றவை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வானொலி வானியலில் பிரேஸ்வெல் போன்றோர் 1967இல் இதையொத்த முறையை எழுதியிருந்தனர் என்பதையும் சொல்வதே நேர்மை. என்றாலும் ஊடுகதிர்ப் படங்களுக்கும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களுக்கும் இதைக் கொண்டுவந்த பெருமை இவ்விருவருக்கு உண்டு. காலத்தின் அருமையை உணர ஒரு செய்தி போதும்: இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த முதற் சோதனைக் கருவி ஒரு படத்துக்கு அளவெடுக்க 9 நாட்களும், கணக்கிட இரண்டரை மணி நேரமும் எடுத்துக்கொண்டது. பின்வந்த சி.டி. கருவிகள் இந்தக் கழித்துப் பரப்பும் முறையைக் கைக்கொண்டன. படம் நிமிடங்களில் வந்தது, பின்னர் நொடிகளில் வந்தது.

பெட் கருவியிலும் இதே கணக்குத்தான் முதலில் ஆண்டது. உடலுக்குள்ளிருந்து எதிரெதிர்த் திசைகளில் பாயும் இரு கதிர்த் துகள்களை வளையம் ஒன்று பிடிக்கிறது. அவற்றை இணைக்கும் கோடுகளே நிழல்களாகின்றன. துகள்கள் குறைவாகக் கிடைத்தால் இம்முறையில் படம் இரைச்சலாகிவிடும். ஆகவே இப்போது படிப்படியாகத் திருத்தும் வேறு முறைகள் முன்னுக்கு வந்துள்ளன. 2018இல் முதல் மனிதப் படங்களை எடுத்த, ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளக் கருவியோ முழு உடம்பையும் ஒரே சமயத்தில் காண்கிறது. ஊசி போட்டவுடன் இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும் போக்கைப் பலரிடம் அளந்து சராசரி கண்டு, அதனை நோயாளிக்கு ஏற்பச் சரிசெய்து, கடைசி இருபது நிமிடம் போல மட்டும் படமெடுக்கும் வழியையும் ஆய்ந்து வருகின்றனர்.

1979இல் சி.டி. கண்டமைக்கு நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் கிடைத்தது. இராமச்சந்திரனுக்கு எந்தத் துறையிலும் அது வரவில்லை. கொலாஜனுக்காவது வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். 1977இல் இலண்டன் ராயல் சங்கம் உறுப்பினராக ஏற்றது. 1999இல் படிகவியலின் எவால்டு பரிசு வந்தபோது, ஓராண்டுக்கு முன் மனைவி இராஜலட்சுமியை இழந்து, நடுக்க நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தார். 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார். படமாக்கும் கணிப்பொறி நிரல்களின் பட்டியலில் 'ராம்-லாக்' என்றொரு வடிகட்டி இன்றும் உள்ளது. ராம் என்றது இராமச்சந்திரனை. லாக் என்றது இலட்சுமிநாராயணனை.