படிக்கத் தெரியாதவர் செய்த எழுத்து

ஒரு மொழிக்கு எழுத்தே இல்லை. அதுக்கு எழுத்து செய்யணும், அதுவும் தனி ஆளா. செய்யப் போறவருக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. நமக்கு இதை ப்ராஜெக்டா கொடுத்தா முதல் ரிவ்யூவுக்கு முன்னாடியே டைட்டிலை மாத்தியிருப்போம். செக்வோயா பன்னிரண்டு வருஷம் விடவே இல்லை.

1770 வாக்கில், இன்றைய அமெரிக்காவின் டென்னசி பகுதியில், செரோக்கி பழங்குடியில் பிறந்தவர். ஒரு கால் சரியாக நடக்க வராது. வெள்ளி வேலையும் கொல்லு வேலையும் செய்து பிழைத்தார். வெள்ளைக்காரர்கள் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு தூரத்தில் இருப்பவரோடு பேசிக்கொள்வதைப் பார்த்தார். இதில் மந்திரம் ஒண்ணும் இல்லை, நாமும் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது.

1809 வாக்கில் ஆரம்பித்தார். முதலில் ஒரு வார்த்தைக்கு ஒரு குறி. ஆயிரக்கணக்கில் போனது, யாராலும் நினைவு வைக்க முடியாது. வயலைக் கவனிக்காமல் கிறுக்கிக்கொண்டே இருந்ததால், மனைவி எல்லாவற்றையும் தீயில் போட்டுவிட்டார் என்றுகூட ஒரு கதை உண்டு. அப்புறம்தான் அணுகுமுறையையே மாற்றினார். வார்த்தையை விட்டுவிட்டு ஒலியைக் கேட்டார். லி, கோ, து மாதிரி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் மொத்தம் 86தான்! சில எழுத்துகளின் வடிவம் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து எடுத்தது, ஒலி வேறு. இங்கிலீஷ் 'டபிள்யூ' மாதிரி இருப்பதை 'லா' என்று படிக்கணும்.

ஊரில் இதை மாந்திரீகம் என்று சந்தேகப்பட்டார்கள். 1821இல் டெமோ நடந்தது. அவரையும் சின்ன மகள் அயோக்காவையும் தனித்தனியாக நிறுத்தினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பிசகில்லாமல் படித்தார். சில வருஷத்திலேயே ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1828இல் ஜார்ஜியாவின் நியூ எகோட்டாவில் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' பத்திரிகையே வந்துவிட்டது.

ஆனால் அதே சமயம் ஜார்ஜியாவில் தங்கம் கிடைத்தது. பருத்தி போடவும் நிலம் வேண்டியிருந்தது. 1830இல் பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன். 1813-14 கிரீக் போரில் அவர் படையோடு சேர்ந்து சண்டை போட்ட செரோக்கிகளில் செக்வோயாவும் ஒருவர். 1832இல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகள் பக்கம் தீர்ப்பு சொல்லியும் பலன் இல்லை. பத்திரிகையின் அச்சு இயந்திரத்தையும் ஜார்ஜியா பறித்துக்கொண்டது. 1838-39இல் சுமார் 16,000 பேரை ராணுவம் கிளப்பியது. வழியிலும் முகாம்களிலும் ஏறக்குறைய 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

செக்வோயா அதற்கு முன்பே மேற்கே போய்விட்டவர். எல்லாம் இழந்து வந்தவர்களுக்கும் முன்பே குடியேறியவர்களுக்கும் தகராறு வந்தபோது, 1839இல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்க உழைத்தார். எழுபது வயதுக்கு மேல், மெக்சிகோவுக்குப் பிரிந்து போன செரோக்கிகளைத் தேடிக் கிளம்பினார். 1843இல் அங்கேயே இறந்தார். கல்லறை எங்கே என்று இன்றுவரை தெரியாது.

எழுத்து இருந்தும் நிலத்தைக் காப்பாற்ற முடியவில்லை, உண்மைதான். ஆனால் துரத்தப்பட்டவர்கள் போன இடத்தில் அதே எழுத்தில் மறுபடி பத்திரிகை போட்டார்கள், சட்டம் எழுதினார்கள். 1999இல் அது யூனிகோடிலும் ஏறியது. இப்போ நம்ம போன் கீபோர்டு செட்டிங்ஸில் செரோக்கி என்று தேடிப் பாருங்க. அந்தக் கொல்லர் செய்தது அங்கே இருக்கு.