எஃப்.ஏ. தேறாத ஆய்வாளர்: இராமானுஜனுக்காகத் தளர்ந்த விதி

1913ஆம் ஆண்டு மே மாதம் முதல், சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அத்தொகை முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கு உரியது. அந்த எழுத்தரோ இளங்கலைப் படிப்பின் வாயிலான எஃப்.ஏ. தேர்விலேயே தேறாதவர். சேப்பாக்கத்தில் ஓர் உயராய்வு நிறுவனமும் தரமணியில் ஒரு தகவல் தொழில்நுட்ப வளாகமும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தகுதி, திறமை என்று பேசி இடஒதுக்கீட்டை எதிர்ப்போர் சீனிவாச இராமானுஜனின் பெயரை அடிக்கடி சொல்வதால், அவருடைய மதிப்பெண்களிலிருந்தே இவ்வாழ்வைப் படிக்க விரும்புகிறோம்.

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை துணிக்கடைக் கணக்கர். வறுமை மெய்யானது, அதை நாம் குறைத்துச் சொல்லப்போவதில்லை. பள்ளியில் கணிதப் பரிசு பெற்றவர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பிற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடலியல் பாடம் அவரை மீண்டும் வீழ்த்தியது. 1907இல் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை.

இங்கே ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். அந்நாளில் பச்சையப்பன் கல்லூரி ஆதிதிராவிடர்களைச் சேர்ப்பதில்லை. இராமானுஜன் தோற்ற அந்தத் தேர்வறைக்குச் சென்று தோற்கும் வாய்ப்புகூட நம் முன்னோர்க்கு இல்லை.

தோற்றவருக்கு அடுத்து என்ன நேர்ந்தது என்பதே முதன்மையானது. துணை ஆட்சியர் இராமசுவாமி ஐயர் அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்தார். பேராசிரியர் சேஷு ஐயர் பரிந்துரைத்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் தம் பையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912இல் துறைமுகத்தில் 30 ரூபாய் வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்கரான நாராயண ஐயரே கணிதம் அறிந்தவர், துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் பேசக்கூடியவர். பச்சையப்பனில் சிங்காரவேலு முதலியாரும் ஊக்கமளித்தார் என்பதை மறைக்கவில்லை. எனினும் அவரைத் தாங்கிய வலை பெரிதும் ஒரே சாதியால் பின்னப்பட்டது. 1913 சனவரியில் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை எல்லாரும் அறிவர். அதற்கு முந்தைய இந்தப் பரிந்துரைகளைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் எழுதிய பின்னர், பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை, அவ்வளவே நிபந்தனை. சரியாகத்தான் செய்தது என்பதே வழக்கறிஞர்களாகவும் நம் கருத்து. தேர்வு அளக்கத் தவறியதை அளக்க விதி இடம்விட வேண்டும்.

அதே 1913இல் இன்னொருவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். மெட்ரிக் தேர்வில் 750க்கு 282 மதிப்பெண் எடுத்த அம்பேத்கர், பம்பாயில் பட்டமும் பெற்றிருந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகைக்காகப் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணிபுரிவதாக அவர் ஒப்பந்தம் எழுதித்தர வேண்டியிருந்தது.

இன்று முனைவர் பட்டச் சேர்க்கைக்கு முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு 5 விழுக்காடு தளர்வு. அந்த ஐந்தைத் தரக்குறைவு என்று ஏளனம் செய்வோர், பட்டமே இல்லாதவருக்கு 1913இல் கிடைத்த தளர்வு எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டுச் சொல்லட்டும்.

கேம்பிரிட்ஜும் தகுதி விதியைத் தளர்த்தியே 1914இல் அவரைச் சேர்த்தது. 1916இல் ஆய்வின் வழியே பட்டம் பெற்றார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயுடன் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். கடல் கடந்தவர் என்பதால், வைதீகச் சுற்றத்தார் பலர் அவருடைய இறுதிச் சடங்குக்கு வரவில்லை.