ஹார்லெமின் முகங்களைக் காத்த நிழற்படக் கலைஞர்

டுபாயின் சத்வாவில், தையற்கடைகள் நிறைந்த தெருக்களில் வாழ்ந்த நம்மவர் பலர், இரவல் கோட்டணிந்து ஸ்ரூடியோவில் எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பியதுண்டு. அப்படத்தின் பெறுமதி அறிந்தோருக்கு, அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜேம்ஸ் வான் டெர் சீ அந்நியர் அல்லர்.

1886ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் திகதி மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் லெனொக்ஸ் என்னும் ஊரில் பிறந்த இவர், 1906இல் நியூயோர்க் வந்தார். உணவகப் பரிசாரகராகவும் மின்தூக்கி இயக்குபவராகவும் உழைத்தார். வயலினும் பியானோவும் வாசித்தார். நியூவார்க் நகர அங்காடியொன்றின் ஸ்ரூடியோவில் இருட்டறை உதவியாளராக இருந்தபோது, முதலாளி இல்லாத வேளைகளில் தாமே படமெடுத்துத் தேர்ச்சி பெற்றார். 1916ஆம் ஆண்டளவில் ஹார்லெமின் 135ஆம் வீதியில் சொந்த ஸ்ரூடியோவைத் திறந்தார்.

தென்மாநிலங்களின் இனவெறிக் கொடுமைக்குத் தப்பியும், கரிபியன் தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடியும் கறுப்பின மக்கள் ஹார்லெமில் குவிந்த காலம் அது. வெள்ளையரின் ஏடுகள் அவர்களைக் கேலிச்சித்திரங்களாகவே காட்டின. வான் டெர் சீயோ தீட்டிய திரைச்சீலை, பூச்சாடி, நல்ல நாற்காலி ஆகியவற்றின் நடுவே அவர்களைக் கண்ணியத்துடன் அமர்த்தினார். கோணற்பல்லை நெகட்டிவிலேயே திருத்தினார். இல்லாத நகையையும் சிலவேளை வரைந்தார். இதைப் பொய் என்பாரும் உளர். தன் பிள்ளை நலமாயிருக்கிறான் என்று அப்படத்தைக் கண்டு ஆறுதலடைந்த தாய்மார் அவ்வாறு கருதியிருக்கமாட்டார்கள்.

1924இல் மார்க்கஸ் கார்வியின் இயக்கத்திற்கு அதிகாரபூர்வ படப்பிடிப்பாளரானார். அவ்வியக்கத்தின் ஊர்வலங்களை இன்று நாம் காண்பது பெரும்பாலும் இவரது கண்களினூடாகவே. 1932இல் ரோம அங்கியணிந்த தம்பதியரைக் கடிலாக் காருடன் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது.

மரண வீட்டுப் படங்களையும் இவர் எடுத்தார். பெட்டியில் கிடத்தப்பட்டவரின் மேல் தேவதூதர் உருவங்களை இணைத்து அச்சிடுவார். 1927இல் இளவயதில் இறந்த தம் மகள் ராச்சலையும் அவ்வாறே படமாக்கினார். செத்தவீட்டிற்குப் போகமுடியாத தூரத்திலிருப்போருக்கு அத்தகைய படம் எதுவென்று இங்கே விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீடுதோறும் கமெரா வந்தது. கடவுச்சீட்டுப் படமும் பழைய படங்களைப் புதுப்பித்தலுமே தொழிலாயின. 1969இல் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் ஹார்லெம் பற்றிய பெருங்கண்காட்சியில் இவரது படங்களை வைத்தது. கறுப்பின ஓவியர்களைப் புறக்கணித்ததாகக் கூறி அக்கண்காட்சிக்கு எதிராக ஆர்ப்பாட்டமும் நடந்தது. அதே ஆண்டில், 80 வயதைக் கடந்த இவரும் நோயுற்ற மனைவி கேனெல்லாவும் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 2008இல் சத்வாவின் வீடுகள் இடிக்கப்பட்டபோது மூட்டைகளுடன் இடம்பெயர்ந்தோர் அக்காட்சியை எளிதில் கற்பனை செய்வர்.

கேனெல்லா 1976இல் காலமானார். 1978இல் மணந்த டோனா மசென்டனின் துணையுடன் இம்முதியவர் மீண்டும் கமெராவின் பின்னே நின்றார். 1982இல் இளம் ஓவியர் பாஸ்கியா இவர்முன் அமர்ந்தார். 1983 மே 15ஆம் திகதி வொஷிங்டனில், 96ஆவது வயதில் வான் டெர் சீ மறைந்தார். அவரது படத்தொகுப்பை 2021இல் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகமும் ஹார்லெம் ஸ்ரூடியோ அருங்காட்சியகமும் இணைந்து பொறுப்பேற்றன.