மிர்ஸயித் சுல்தான் கலியேவ்: வாக்குறுதியை நம்பிய முஸ்லிம் கம்யூனிஸ்ட்

சோவியத் ஒன்றியத்தைப் பற்றிப் பேசும்போது நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. ஏழைகளுக்குக் கல்வியும் வேலையும் தந்த ஆட்சி என்கிறது ஒன்று. பள்ளிவாசல்களைப் பூட்டிய ஆட்சி என்கிறது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் சிக்கி உயிரிழந்த ஒருவரின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது. அவர்தான் மிர்ஸயித் சுல்தான் கலியேவ். சுல்தான் அலி என்ற பெயரில் உள்ள 'அலி' தாத்தார் மக்களின் உச்சரிப்பில் 'கலி' ஆனது. அதோடு ரஷ்ய விகுதி சேர்ந்து சுல்தான் கலியேவ் ஆயிற்று.

மக்தப் ஆசிரியரின் மகன்

1892ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசின் ஊஃபா மாகாணத்தில் எலெம்பெத்யெவோ என்ற கிராமத்தில் ஒரு தாத்தார் முஸ்லிம் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை வறுமையில் வாழ்ந்த ஆசிரியர். தாய் பிரபுக்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தையின் மக்தபில் தொடங்கிய அவரது கல்வி, கஸானில் இருந்த தாத்தார் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் 1911இல் நிறைவுபெற்றது. பின்னர் ஆசிரியராகவும் நூலகராகவும் பத்திரிகையாளராகவும் பணியாற்றினார்.

அவர் வளர்ந்த மண்ணின் காயம் பழையது. 1552இல் ரஷ்ய மன்னன் நான்காம் இவான் கஸானைக் கைப்பற்றியது முதல், தாத்தார் முஸ்லிம்கள் சொந்த மண்ணிலேயே இரண்டாம் தரக் குடிமக்கள் ஆனார்கள். 18ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டன. கட்டாய மதமாற்றமும் நடந்தது. ஜார் ஆட்சி வீழ்ந்த 1917, அந்த மக்களுக்கு விடுதலையின் ஆண்டாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

1917இன் வாக்குறுதி

ஆட்சியைப் பிடித்த சில வாரங்களிலேயே லெனினும் ஸ்டாலினும் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை ரஷ்யாவிலும் கிழக்கு நாடுகளிலும் வாழும் முஸ்லிம் உழைப்பாளர்களுக்காக வெளியிடப்பட்டது. முஸ்லிம்களின் நம்பிக்கைகளிலும் வழக்கங்களிலும் இனி யாரும் கை வைக்க முடியாது என்று அது உறுதியளித்தது. ஜார் படைகள் 1869இல் சமர்கந்திலிருந்து கொண்டுபோன, உஸ்மான் (ரலி) அவர்களுடையதாகப் போற்றப்படும் குர்ஆன் பிரதியும் முஸ்லிம்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அது தாஷ்கண்டில் இருக்கிறது.

இந்த வாக்குறுதியை நம்பியவர்களில் ஒருவர்தான் சுல்தான் கலியேவ். கஸானில் முல்லாநூர் வஹீதோவ் தலைமையில் இயங்கிய முஸ்லிம் சோஷலிசக் குழுவின் வழியே அவர் போல்ஷ்விக் கட்சியில் இணைந்தார். 1918 ஆகஸ்டில் எதிர்ப்புரட்சிப் படைகள் வஹீதோவைச் சுட்டுக்கொன்ற பிறகு, கட்சியில் முஸ்லிம்களின் முகமாக சுல்தான் கலியேவ் உயர்ந்தார். மத்திய முஸ்லிம் இராணுவக் குழுவின் தலைவராகி, உள்நாட்டுப் போரில் முஸ்லிம் வீரர்களைச் செம்படையில் திரட்டினார். தேசிய இனங்களுக்கான அமைச்சகத்தில் ஸ்டாலினின் கீழ் முக்கியப் பொறுப்பு வகித்தார்.

அவர் கேட்டதும் கிடைத்ததும்

ஐரோப்பியத் தொழிலாளர்கள் முதலாளிகளின் இடத்தைப் பிடித்துவிட்டால் மட்டும் கிழக்குலகின் அடிமைத்தனம் தீர்ந்துவிடாது என்று அவர் வாதிட்டார். காலனி ஆதிக்கத்தில் நசுங்கிய முஸ்லிம் சமூகங்கள் ஒட்டுமொத்தமாகவே சுரண்டப்பட்டவை, ஆகவே புரட்சியின் பார்வை கிழக்கை நோக்கித் திரும்ப வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

தாத்தார், பஷ்கிர் மக்களை இணைத்த ஒரு குடியரசு அமைக்கப்படும் என்று 1918 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அது நிறைவேறவே இல்லை. 1919இல் பஷ்கிர் குடியரசும் 1920இல் தாத்தார் குடியரசும் தனித்தனியே உருவாக்கப்பட்டன. தாத்தார்களில் பெரும்பாலோர் அந்தக் குடியரசின் எல்லைக்கு வெளியே நின்றார்கள். அதன் பின் 1921-22இல் வோல்கா கரையைப் பஞ்சம் தாக்கியது. வறட்சியோடு, விவசாயிகளிடமிருந்து தானியத்தைக் கட்டாயமாகப் பறித்த கொள்கையும் அதற்குக் காரணம். நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் பேர் மாண்டனர். தாத்தார் கிராமங்கள் கடுமையாக அடிபட்டன.

மார்க்க விஷயத்தில் அவரது நிலையை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் தம்மை நாத்திகராகவே கருதினார். முஸ்லிம்களிடையே மத எதிர்ப்புப் பிரச்சாரம் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று 1921இல் ஒரு கட்டுரையே எழுதினார். ஆனால் பலவந்தத்தை அதில் எதிர்த்தார். ஜார் கால மிஷனரிகளின் கொடுமையை அனுபவித்த மக்கள், ரஷ்யர்கள் நடத்தும் மத எதிர்ப்பையும் பழைய சிலுவைப் போரின் தொடர்ச்சியாகவே பார்ப்பார்கள் என எச்சரித்தார். தொழுகையைக் கைவிட்டவர் என்ற விமர்சனத்துக்கு அவர் ஆளாவார். தம் சமூகத்தின் மானம் மிதிபடுவதைச் சகிக்காதவர் என்பதும் உண்மை.

முதல் கைது

1923 மே மாதம் அவர் கைது செய்யப்பட்டார். மாஸ்கோவின் போக்கில் நம்பிக்கை இழந்து தம் தோழர்களுக்கு எழுதிய இரகசியக் கடிதங்கள் உளவுத்துறையிடம் சிக்கின. கட்சியிலிருந்து பிரிந்து மத்திய ஆசியக் கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்துவிட்ட பஷ்கிர் தலைவர் ஸெகி வலீதியோடு அவர் தொடர்பு தேடினார் என்பது குற்றச்சாட்டு. அடுத்த மாதம் மாஸ்கோவில் கூடிய தேசிய இனப் பிரதிநிதிகளின் மாநாட்டில் ஸ்டாலினே அவரைக் கண்டித்துப் பேசினார். தவறை ஒப்புக்கொண்டதால் விடுதலை கிடைத்தது. கட்சி உறுப்புரிமை பறிபோனது.

கட்சியின் பிரபலமான ஒருவர் ஸ்டாலினின் முயற்சியால் கைதானது இதுவே முதல் முறை என்று காமனேவ் பின்னாளில் கூறியதாக ட்ரொட்ஸ்கி எழுதியிருக்கிறார். அன்று அதற்குச் சம்மதம் தந்தவர்களில் காமனேவும் ஒருவர். 1936இல் அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்தவருக்கு அநீதி நடக்கும்போது தலையசைத்தவர் வீட்டுக்கும் அதே அநீதி வந்து சேர்ந்தது.

1928இல் சுல்தான் கலியேவ் மீண்டும் கைதானார். 1930இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது பத்தாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. வெண்கடலின் சொலவ்கி தீவு முகாமிலிருந்து 1934இல் வெளிவந்து சராத்தவ் நகரில் வாழ்ந்தார். 1937இல் மூன்றாவது கைது. 1940 ஜனவரி 28 அன்று மாஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 47.

இதற்கிடையே அவரது பெயரே ஒரு குற்றமாகிவிட்டது. 'சுல்தான் கலியேவ்வாதி' என்ற முத்திரையோடு ஏராளமான தாத்தார் அறிஞர்களும் ஆசிரியர்களும் வேட்டையாடப்பட்டார்கள். ஆலிம்கள் சிறைக்குப் போனார்கள். வக்ஃப் சொத்துகளும் மத்ரஸாக்களும் பறிபோயின. 1920களின் இறுதியில் தாத்தார் மொழியின் அரபு எழுத்து லத்தீனாகவும், 1939இல் ரஷ்ய எழுத்தாகவும் மாற்றப்பட்டது. பாட்டனார் எழுதிவைத்த நூலைப் பேரன் படிக்க முடியாத நிலை வந்தது.

யாருக்கு அவர் சொந்தம்?

ஸ்டாலினின் மரணத்துக்குப் பின் பல்லாயிரம் பேர் நிரபராதிகள் என அறிவிக்கப்பட்டார்கள். சுல்தான் கலியேவின் பெயர் மட்டும் 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று கஸானில் ஒரு சதுக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாத்தார் தேசியவாதிகள் அவரைத் தியாகி என்கிறார்கள். இடதுசாரிகளில் சிலர், மூன்றாம் உலகின் விடுதலையை முன்கூட்டியே சிந்தித்தவர் என்கிறார்கள். மார்க்கத்தை விட்டவருக்கு இது தக்க முடிவுதான் என்று கருதும் முஸ்லிம்களும் உண்டு.

அவருக்கு ஷஹீத் பட்டம் சூட்டுவதும் அவரைத் தூக்கியெறிவதும் நம் வேலையல்ல. தீர்ப்பு அல்லாஹ்விடம் உள்ளது. சோவியத் ஆட்சியில் எழுத்தறிவு வளர்ந்தது, பெண்கள் படித்தார்கள், ஆலைகள் எழுந்தன, நாஜிப் படை தோற்கடிக்கப்பட்டது. இவற்றை நாம் மறுக்கவில்லை. அதே ஆட்சி 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அரசியல் குற்றச்சாட்டுகளின் பேரில் சுமார் 6,80,000 பேரைச் சுட்டுக்கொன்றது என்பதை அதன் ஆவணங்களே சொல்கின்றன. ஒன்றின் நன்மையைக் காட்டி மற்றொன்றின் இரத்தத்தைத் துடைக்க முடியாது. நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும் சரி என்று கட்டளையிடப்பட்ட சமூகம் நாம்.

நமக்கான படிப்பினை ஒன்று இதில் இருக்கிறது. 1917இன் அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. அதைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கச் சுதந்திரமான நீதிமன்றமோ, பத்திரிகையோ, எதிர்க்கட்சியோ இருக்கவில்லை. அவற்றை ஒழித்த கட்சிக்குத்தான் சுல்தான் கலியேவ் தம் மக்களின் நம்பிக்கையை வாங்கிக் கொடுத்தார். தமக்கு அநீதி நடந்தபோது அவர் முறையிட ஓர் இடமும் எஞ்சியிருக்கவில்லை. எந்தக் கொடியின் கீழ் ஓர் ஆட்சி வந்தாலும், அது நமக்குத் தரும் வாக்குறுதியைப் படிப்பதற்கு முன், அதைத் தட்டிக்கேட்க யாருக்கு உரிமை மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்போம்.