ஒரு சிறுவனின் காலும் ஒரு நாட்டின் சட்டமும்

ஏழை வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை நம் காலனிகளில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் ஆடு விலை போகும். அடுத்து தோடு அடகுக்குப் போகும். கடைசியில் பிள்ளையின் படிப்பு நிற்கும். இதே நிலை ஒரு காலத்தில் கனடாவிலும் இருந்தது. அதை ஒரு சட்டத்தால் மாற்றிக் காட்டியவர் டாமி டக்ளஸ். 2004ஆம் ஆண்டு கனடாவின் அரசுத் தொலைக்காட்சி, அந்நாட்டின் மாபெரும் மனிதர் யார் என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. பிரதமர்களும் விளையாட்டு வீரர்களும் இருந்த பட்டியலில் மக்கள் முதலிடம் கொடுத்தது, இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்த இந்த மனிதருக்குத்தான்.

சட்டம் கொண்டுவந்ததோடு அவர் கதை முடியவில்லை. அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறு என்று எழுந்த குரல்களுக்கு எதிராக அதை நிற்க வைத்ததில்தான் நாம் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது.

இலவசமாகத் தப்பிய கால்

டக்ளஸ் 1904ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் என்ற ஊரில் பிறந்தார். தந்தை இரும்பு வார்ப்புத் தொழிலாளி. பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் கனடாவின் வின்னிபெக் நகருக்கு வந்தது. சிறுவன் டாமிக்கு முழங்காலில் பட்ட அடி எலும்பில் சீழ் பிடிக்கும் நோயாக மாறியது. பலமுறை அறுவை செய்தும் ஆறவில்லை. சிறப்பு மருத்துவரிடம் போகப் பணம் இல்லை. காலை வெட்டி எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தது.

அந்த வேளையில் எலும்பு மருத்துவர் ஒருவர் தற்செயலாக அந்த வார்டுக்கு வந்தார். மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள அனுமதித்தால் காசு வாங்காமல் சிகிச்சை செய்கிறேன் என்றார். பெற்றோர் சம்மதித்தார்கள். கால் பிழைத்தது. அதே காலோடு டக்ளஸ் 1922, 1923 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மானிடோபா மாகாணத்தின் குறை எடைப் பிரிவு குத்துச்சண்டைப் பட்டத்தை வென்றார்.

அந்த மருத்துவருக்கு அவர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு இருந்தார். ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை. அந்த மருத்துவர் அன்று அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால்? பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஏழைப் பிள்ளைக்கு அப்படி ஒருவர் வரவில்லையே? பணக்காரப் பிள்ளைக்கு உரிமையாகக் கிடைப்பது ஏழைப் பிள்ளைக்குத் தருமமாக, அதிர்ஷ்டமாக ஏன் கிடைக்க வேண்டும்? அவருடைய அரசியல் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

பஞ்சம் கொடுத்த பாடம்

14 வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1919ஆம் ஆண்டு வின்னிபெக்கில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் காவல்துறை தொழிலாளர்களைச் சுட்டதை ஒரு கட்டடத்தின் கூரையிலிருந்து கண்ணால் பார்த்தார். பிறகு கல்லூரியில் படித்து, 1930ஆம் ஆண்டு சஸ்காட்செவன் மாகாணத்தில் வேபர்ன் என்ற சிற்றூருக்குப் பாப்டிஸ்ட் சபைப் போதகராக வந்தார்.

சஸ்காட்செவன் கோதுமை விளையும் பூமி. அந்த ஆண்டுகளில் மழை பொய்த்தது. மண் புழுதியாய்ப் பறந்தது. கோதுமை விலையும் விழுந்தது. மருத்துவம் பார்க்க வழியில்லாமல் இறந்துபோன இளைஞர்களைத் தன் கையால் அடக்கம் செய்தார் டக்ளஸ். ஜெபம் மட்டும் போதாது என்று அவருக்குப் பட்டது. விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு காமன்வெல்த் கூட்டமைப்பு என்ற கட்சியில் சேர்ந்து, 1935ஆம் ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரானார்.

கூட்டங்களில் அவர் அடிக்கடி ஒரு கதை சொல்வார். எலிகளின் நாட்டில் தேர்தல் வருகிறது. எலிகள் ஒவ்வொரு முறையும் பூனைகளுக்கே ஓட்டுப் போடுகின்றன. கறுப்புப் பூனை சரியில்லை என்றால் வெள்ளைப் பூனைக்குப் போடுகின்றன. எலிகளே ஏன் ஆளக்கூடாது என்று ஒரு எலி கேட்டதும் அதைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். ஓட்டுப் போட்டும் அதிகாரம் கிடைக்காத மக்களுக்கு இந்தக் கதை உடனே புரியும். நமக்கும் புரிகிறது.

மறைக்கக் கூடாத ஒரு கறை

டக்ளஸ் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. 1933ஆம் ஆண்டு முதுகலைப் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேட்டில், அறிவுத் திறன் குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று எழுதியிருந்தார். பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் எண்ணம் அது. அதன் வேறு வடிவத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் நாம் என்பதால் இதைச் சொல்லாமல் கடக்க முடியாது.

1936ஆம் ஆண்டு அவர் ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போய் வந்தார். அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அங்கே பார்த்தார். பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் 1928 முதல் 1972 வரை இருந்தது. அதில் பூர்வகுடி மக்கள் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிப் பாதிக்கப்பட்டார்கள். டக்ளஸ் முதல்வராகவும் சுகாதார அமைச்சராகவும் ஆன பிறகு, சஸ்காட்செவனிலும் கருத்தடை செய்யலாம் என்ற யோசனைகள் அவர் மேசைக்கு வந்தன. அவர் ஏற்கவில்லை. அந்த மாகாணத்தில் அப்படி ஒரு சட்டம் வரவே இல்லை.

முதல்வர் நாற்காலியில்

1944ஆம் ஆண்டு மாகாணத் தேர்தலில் 52 இடங்களில் 47ஐ அவருடைய கட்சி பிடித்தது. வட அமெரிக்காவில் ஆட்சிக்கு வந்த முதல் சோசலிசக் கட்சி அதுதான். சுகாதாரத் துறையைத் தானே வைத்துக்கொண்டார் டக்ளஸ்.

வெறுங்கையிலிருந்து அவர் தொடங்கவில்லை. ஊராட்சி வரியிலிருந்து சம்பளம் கொடுத்து ஊருக்கு ஒரு மருத்துவரை வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த மாகாணக் கிராமங்களில் முன்பே இருந்தது. அந்த ஊர்ப் பழக்கத்தை மாகாணம் முழுவதற்கும் விரித்தார். 1945 முதல் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் இலவச மருத்துவம் கிடைத்தது. 1947 ஜனவரி முதல் நாள் மாகாண மக்கள் அனைவருக்கும் மருத்துவமனைக் காப்பீடு வந்தது. தலைக்கு ஆண்டுக்கு 5 டாலர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 டாலர் சந்தா. படுக்கைக்கு யாரும் அதற்குமேல் பணம் கட்ட வேண்டியதில்லை. அதே ஆண்டில் இனம், நிறம், மதம் பார்த்து ஒதுக்குவதைத் தடை செய்யும் உரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். கனடாவில் அப்படி வந்த முதல் சட்டம் அது. 1960ஆம் ஆண்டு பூர்வகுடி மக்களுக்கு மாகாணத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்ததும் அவர் ஆட்சியில்தான். ஆனாலும் ஒன்றிய அரசு பூர்வகுடிகளைத் தனி மருத்துவமனைகளில் ஒதுக்கி வைத்த கொடுமை அப்போதும் நீடித்தது. டீக்கடையில் தனிக் குவளை கண்ட நமக்கு அந்தத் தனி வார்டின் பொருள் விளங்கும்.

23 நாள் சோதனை

படுக்கைக்குக் காப்பீடு வந்துவிட்டது. மருத்துவருக்கான கட்டணம் மட்டும் பாக்கி இருந்தது. 1957ஆம் ஆண்டு ஒன்றிய அரசு மருத்துவமனைச் செலவில் பங்கு தரச் சட்டம் இயற்றியதும் மாகாணத்தின் கையில் பணம் மிஞ்சியது. அதைக் கொண்டு மருத்துவர் கட்டணத்தையும் அரசே ஏற்கும் திட்டத்தை டக்ளஸ் அறிவித்தார். 1960 தேர்தலில் அதையே முன்வைத்து வென்றார். 1961 நவம்பரில் சட்டம் நிறைவேறியது. அந்த மாதமே முதல்வர் பதவியை உட்ரோ லாயிடிடம் ஒப்படைத்துவிட்டு, புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவராக ஒன்றிய அரசியலுக்குப் போனார்.

மருத்துவர் சங்கம் கொதித்தது. நோயாளிக்கு என்ன மருந்து என்பதை அரசு குமாஸ்தா முடிவு செய்வார், மருத்துவர்கள் எல்லாரும் மாகாணத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்று பிரசாரம் நடந்தது. 1962 ஜூன் மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ரெஜைனா நகரத் தொகுதியில் டக்ளஸே தோற்றார். எந்தச் சட்டத்துக்காக அவரை இன்று கொண்டாடுகிறார்களோ, அந்தச் சட்டத்துக்காகவே அன்று அவரைத் தோற்கடித்தார்கள்.

1962 ஜூலை முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே பெரும்பாலான மருத்துவர்கள் தங்கள் கதவைச் சாத்தினார்கள். சில மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சை மட்டும் நடந்தது. சட்டத்தை நிறுத்து என்று கேட்டு ஊர் ஊராகக் குழுக்கள் எழுந்தன. ஜூலை 11 அன்று ரெஜைனாவில் சட்டமன்றத்தின் முன் பெரும் பேரணிக்கு அழைப்பு விடுத்தார்கள். பல்லாயிரம் பேர் திரள்வார்கள் என்று சொல்லப்பட்ட இடத்தில் சுமார் 5,000 பேர்தான் வந்தார்கள். மறுபக்கம், சட்டத்தை ஆதரித்த மக்கள் பணம் திரட்டித் தங்கள் சொந்தக் கூட்டுறவு மருத்துவ நிலையங்களைத் திறந்தார்கள். பிரிட்டனிலிருந்து மருத்துவர்கள் வந்து உதவினார்கள். 23ஆம் நாள் சாஸ்கட்டூன் நகரில் உடன்பாடு ஏற்பட்டது. அரசின் திட்டத்துக்கு வெளியே நின்று தொழில் செய்யவும் மருத்துவர்களுக்கு அனுமதி கிடைத்தது. சட்டம் நின்றது.

இந்தச் சட்டம் நாடு முழுவதும் பரவியது எப்படி என்பதும் அறிய வேண்டியது. மருத்துவர்களின் தேசியச் சங்கம் கேட்டுக்கொண்டதால் பழமைவாதக் கட்சிப் பிரதமர் ஒருவர் விசாரணை ஆணையம் அமைத்தார். அதன் தலைவராக வந்த நீதிபதி எம்மெட் ஹாலும் பழமைவாதக் கட்சி சார்ந்தவர்தான். எல்லாவற்றையும் விசாரித்து முடித்த அவர், சஸ்காட்செவன் வழியே நாட்டுக்கும் சரி என்று 1964ஆம் ஆண்டு அறிக்கை கொடுத்தார். டக்ளஸ் கட்சியின் ஆதரவு தேவைப்பட்ட லிபரல் பிரதமர் லெஸ்டர் பியர்சனின் சிறுபான்மை அரசு 1966ஆம் ஆண்டு மசோதா கொண்டுவந்தது. 177 பேர் ஆதரித்தார்கள். இருவர் மட்டும் எதிர்த்தார்கள். 1972க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

ரத்து செய்யாமலே அரிப்பது

இதற்கிடையில் 1964ஆம் ஆண்டு சஸ்காட்செவனில் டக்ளஸ் கட்சி ஆட்சியை இழந்தது. புதிய முதல்வர் ராஸ் தாட்சர் சோசலிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர். ஆனாலும் சட்டத்தை ரத்து செய்ய அவருக்குத் துணிவு வரவில்லை. இரண்டே ஆண்டுகளில் மக்கள் அதைத் தங்கள் சொத்தாக நினைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவர் வேறு வழி கண்டுபிடித்தார். 1968ஆம் ஆண்டு, மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நோயாளி ஒன்றரை டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தேவையில்லாமல் மருத்துவரிடம் ஓடுவதைத் தடுக்கத்தான் என்றார். பிறகு ஆய்வு செய்தவர்கள் கண்டது என்ன? மருத்துவரிடம் போவதை அதிகம் குறைத்துக்கொண்டவர்கள் ஏழைகள். பணமுள்ளவருக்கு அந்த ஒன்றரை டாலர் ஒரு பொருட்டே இல்லை. சட்டம் புத்தகத்தில் அப்படியே இருந்தது. ஏழைக்கு மட்டும் கதவு பாதி சாத்தப்பட்டது. 1971ஆம் ஆண்டு டக்ளஸ் கட்சி மீண்டும் வென்றதும் அந்தக் கட்டணம் ஒழிந்தது.

1970களின் கடைசியில் நாடெங்கும் இதே வேலை தொடங்கியது. அரசு தரும் தொகைக்கு மேல் நோயாளியிடம் தனியாக வசூலிக்க ஆரம்பித்தார்கள் சில மருத்துவர்கள். நாடாளுமன்றத்தை விட்டு விலகியிருந்த முதிய டக்ளஸ் ஊர் ஊராகப் போய் எச்சரித்தார். சட்டத்தைப் பெற்றவர்கள் தூங்கினால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் என்பதே அவர் பேச்சின் சாரம். 1984ஆம் ஆண்டு கனடா சுகாதாரச் சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. நோயாளியிடம் வசூலிக்க விடும் மாகாணத்துக்கு, வசூலான ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் ஒன்றிய நிதியில் குறையும் என்றது அந்தச் சட்டம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1986 பிப்ரவரி 24 அன்று டக்ளஸ் மறைந்தார். அதே ஆண்டு ஒன்டாரியோ மாகாணத்தில் தனி வசூல் தடையை எதிர்த்து மருத்துவர்கள் 25 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தடை நின்றது. போரில் எல்லாம் இழந்து அந்த மாகாணத்தின் டொரன்டோவில் குடியேறிய ஈழத் தமிழர்கள் பையில் வைத்திருக்கும் மருத்துவ அட்டைக்குப் பின்னால் இத்தனை போராட்டம் இருக்கிறது. மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்தையும் பல் மருத்துவத்தையும் அந்தச் சட்டம் காக்கவில்லை என்ற குறையும் உண்டு.

நாம் கேட்க வேண்டியது

இங்கே 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான திட்ட அறிக்கை அவர் காலத்தில்தான் தயாரானது. 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. அது ஆலைத் தொழிலாளிக்கு வந்தது. வயலில் நாற்று நட்ட நம் தாய்மாருக்கு வரவில்லை. கூலி வேலை செய்யும் நம் மக்களில் பெரும்பாலோர் இன்றும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

டக்ளஸின் வாழ்க்கையிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. மருத்துவத்தைச் சலுகையாகக் கொடுத்தால், கொடுத்த கையே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எல்லாருக்கும் பொதுவான உரிமையாகச் சட்டத்தில் எழுதிவிட்டால், எதிர்த்து ஆட்சிக்கு வந்தவரும் அதைத் தொடப் பயப்படுவார். ஆனால் அரிக்கப் பார்ப்பார். கட்டணம் சிறியதுதானே என்று யாராவது சொன்னால், அது யாருக்குச் சிறியது என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை ஊரில் முதல் ஆளாகக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். அந்தக் கட்டணத்தால் முதலில் வீட்டிலேயே படுத்துக்கிடக்கப் போகிறவர்களும் நாம்தான்.