எட்டிப் பார்த்துக் கற்ற ரவிவர்மா



உங்கள் பூஜை அறையில் தாமரைமேல் நிற்கும் லட்சுமி படம் இருக்கிறதா? அநேகமாக அது ராஜா ரவிவர்மாவின் ஓவியத்தைப் பார்த்து வந்ததாகத்தான் இருக்கும்.

1848-இல் கேரளத்துக் கிளிமானூரில் பிறந்தவர். சிறு வயதில் வீட்டுச் சுவரெல்லாம் கரித்துண்டால் வரைந்தார். திட்டாமல் தட்டிக்கொடுத்தவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. 14 வயதில் அவரைத் திருவனந்தபுரம் அழைத்துப்போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் சேர்த்தவரும் அவரே.

எண்ணெய் வண்ணம் அப்போது நம்மவர்களுக்குப் புதிது. அது தெரிந்த அரண்மனை ஓவியர் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். 1868-இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சனும் பாடம் நடத்தவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். ரவிவர்மா பார்த்துப் பார்த்தே கற்றார்.

முகம் வரையப் பெட்டி நிறைய வண்ணம் வேண்டாம். வெள்ளை, காவி மஞ்சள், சிவப்பு, கறுப்பு, இந்த நான்கே போதும். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், சிவப்புக்குப் பக்கத்தில் நீலமாகவே தெரியும். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் இந்த நான்குக்கே பெயர் பெற்றவர். ஆனால் எதில் எவ்வளவு கலப்பது என்ற பக்குவம் வண்ணக் குழாயில் எழுதியிருக்காது. யாராவது காட்ட வேண்டும்.

1873-இல் நம் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மாவுக்குத் தங்கப் பதக்கம். அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு. 1893-இல் சிகாகோ. 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, அரண்மனைச் சுவரில் இருந்த படங்களை ஏழை வீட்டுக்கும் கொண்டுவந்தார். 1906-இல் காலமானார். அவருடைய அசல் ஓவியங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. நமக்கு மெட்ரோவில் சென்ட்ரல் போய் மாறினால் எழும்பூர்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. வங்கியில் கணக்கு டாலி ஆகாமல், வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், பெரும்பாலும் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். எனக்குத் தெரிந்த இந்தச் சூட்சுமத்தைப் புதிதாக வந்த பையனுக்கு நான் சொல்லவில்லை. அவன் இரவு எட்டு மணிவரை தனியே கூட்டிக்கொண்டிருந்தான். இன்றும் உறுத்துகிறது.

நம் பிளாக்குகளில் தையல், வெல்டிங், வீணை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் கதவைச் சாத்தாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.